சூசையின் மரம் கரையேறும் வரை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நன்றாக இராது. கொட்டாரத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆஸ்பத்திரியில் இருந்த காலமெல்லாம் நான் எழுதியது மருந்துக் குப்பிகளில் ஒட்டுகிற துண்டுச் சீட்டுகள் மட்டும்தான். வாசிக்கிறவர்கள் பிழைகளைத் திருத்திக்கொண்டு வாசிக்க வேண்டும்.

இதை எழுதச் சொன்னது நர்ஸ் கனகம். இடுப்பு பிடித்துப்போய், பிள்ளைகளைத் தூக்க முடியாமல் நான் வேலையை விட்டு நின்ற பிறகு, பழைய ஆட்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு நாள் பிள்ளைகள் வார்டுக்குப் போனேன். அங்கே ஜன்னலருகே ஒரு கண்ணாடிப் பரணி நிறைய மிட்டாய் இருந்தது. கட்டு மாற்றும்போது அழாத பிள்ளைக்கு ஒரு மிட்டாய், அழுதால் கிடையாது என்று புது ஏற்பாடாம். நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, முழங்கால் புண்ணோடு ஒரு பையன் உதட்டை ரத்தம் வரும்வரை கடித்துக்கொண்டிருந்து மிட்டாயை வாங்கினான். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

கனகம் வாசல் வரை கூடவே வந்தாள்.

"என்ன அண்ணே, மொகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல பிள்ள."

"ஒண்ணுமில்லாமலா இப்பிடி வேர்க்கு? சொல்லுங்க."

"சொல்ல வராது."

"அப்பம் எழுதித் தாருங்க. நர்சுமாருக்க கூட்டத்தில நான் வாசிக்கேன். ஆளுவ திரும்பிப் பாப்பாவன்னு பயமா இருந்தா நீங்க அன்னைக்கு வராண்டாம்."

அவள் சொன்ன அந்தக் கடைசிச் சலுகையால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் அந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தது தோட்டத்துக்குத் தண்ணீர் கோர. நாகர்கோவிலுக்கு மேற்கே, கடற்கரைக்குப் போகிற பாதையில் இருந்தது அது. பிள்ளைகள் வார்டில் கட்டுத்துணி துவைக்கிறவன் வேலையை விட்டுப் போனபோது என்னை அங்கே மாற்றினார்கள். துவைத்தேன், காயப்போட்டேன், வெந்நீர் வைத்தேன், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பெரியவர்கள் முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. டாக்டர் துரை பெயரைக் கேட்டாலே வாயில் தண்ணீர் வற்றிவிடும். பிள்ளைகளிடம் அந்தத் தொல்லை இல்லை. அவர்களுக்கு என் முகத்தைப் பார்க்க நேரமில்லை. என் கையில் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

வார்டின் தலைமை நர்ஸ் ஞானப்பூ அம்மாள். உயரம் குறைவு. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒரு பிள்ளையின் கட்டைத் தொடுவதற்கு முன்னால், தன் இரண்டு கைகளையும் முன்னும் பின்னும் அதற்குத் திருப்பிக் காட்டுவார்கள். "கத்தி இல்ல, ஊசி இல்ல, பாத்துக்கோ. இப்பம் துணியை நனைப்பேன். பொறவு எடுப்பேன். எடுக்கும்போ வலிக்கும்." இவ்வளவையும் சொன்ன பிறகுதான் தொடுவார்கள். 'வலிக்காது' என்ற சொல்லை அந்த வார்டில் யாரும் சொல்லக் கூடாது. சொன்ன ஆள் நர்ஸாக இருந்தாலும் அன்றைக்குத் துவைகல்லுக்கு வந்து என்னோடு துணி துவைக்க வேண்டும்.

ஒருமுறை கம்பவுண்டர் சாமுவேல் மாட்டிக்கொண்டார். கலப்பைக் கொழு வெட்டி, காலில் ஆழமான புண்ணோடு வந்த ஒரு சின்னப் பையனிடம், "ஒண்ணும் செய்யாது மக்கா, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று மருந்தை ஊற்றிவிட்டார். பையன் துள்ளி எழுந்து அவர் கையைக் கடித்தான். அவர் "ஏலே! ஏலே!" என்று கத்தினார். பையன் வாயை எடுத்துவிட்டு, "எறும்புதான் ஓய்" என்றான். வார்டு முழுவதும் சிரித்தது. ஞானப்பூ அம்மாள் சிரிக்கவில்லை. கம்பவுண்டரின் கையில் மருந்து போட்டுவிட்டு, துவைகல் பக்கமாகக் கையைக் காட்டினார்கள். அன்று அவர் துவைத்த லட்சணத்தில் நான் எல்லாவற்றையும் மறுபடி துவைக்க வேண்டியிருந்தது.

கட்டு மாற்றுகிற முறையையும் எழுதிவிடுகிறேன். இப்போது சில இடங்களில் அவசரம் தெரிகிறது. உப்புப் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்க்க வேண்டும். வேலை செய்து காய்த்துப்போன விரலுக்குச் சூடு சரியாகத் தெரியாது. பழைய கட்டின்மேல் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, துணி தானாக இளகும்வரை காத்திருக்க வேண்டும். உரித்து எடுக்கக் கூடாது. இதற்கிடையில் துவைத்துக் காய்ந்த ஒரு நீளத் துணியை நான் பிள்ளையிடம் கொடுப்பேன். அதைச் சுருட்டுவது பிள்ளையின் வேலை. சுருள் முடிகிற இடத்தில் நம் வேலையும் முடிய வேண்டும். முடியாவிட்டால் ஞானப்பூ அம்மாள் அப்படியே கையை எடுத்துவிடுவார்கள். பிள்ளை மூச்சு விட்டு, தண்ணீர் குடித்து, இன்னொரு துணியை வாங்கிக்கொண்ட பிறகுதான் மீதி. வலி எங்கே முடியும் என்று தெரிந்தால் பிள்ளை அதுவரைக்கும் வரும். தெரியாவிட்டால் முதல் அடியிலேயே நின்றுவிடும். இதை நான் நூறு பிள்ளைகளிடம் பார்த்திருப்பேன்.

இந்த முறை செல்லாத ஒரு பிள்ளை வந்தது. அவள் பெயர் பிரகாசி.

கடியப்பட்டணத்தில் கட்டுமரம் ஓட்டும் சூசையின் மகள். ஆறு வயது இருக்கும். கடற்கரையில் வலைக்குச் சாயம் காய்ச்சுகிற கொப்பரைப் பக்கம் ஓடும்போது கால் தடுக்கி விழுந்திருக்கிறாள். வலது கை கொதிக்கிற சாயத்துக்குள் போய்விட்டது. தாய் ஒரு கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இவளைத் தோளில் போட்டு நடந்தே கொண்டுவந்தாள். சில நாள் கூட இருந்தாள். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வரவும் ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. பிரகாசி எங்களோடு தனியாக இருந்தாள்.

அவள் அழவில்லை. தாய் போகும்போதும் அழவில்லை, கட்டு மாற்றும்போதும் அழவில்லை. கொடுத்த துணியை இடது கையால் தொடைமேல் வைத்து, பார்க்காமலே ஒழுங்காகச் சுருட்டுவாள். பார்வை சுவரில் இருக்கும். நாங்கள் எல்லாரும் மெச்சினோம். "பாருங்கலே, இதாக்கும் பிள்ள" என்று கம்பவுண்டர் மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டுவார். நானும் அவள் தலையைத் தடவி, "நல்ல பிள்ள" என்று சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அவள் கை திறக்கவில்லை. புண் ஆற ஆற விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டே வந்தாள். விரல்களை நீட்டி, சின்னப் பலகையில் வைத்துக் கட்ட வேண்டும். அவளோ கையை மூடி முட்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். ஒருவர் மணிக்கட்டைப் பிடிக்க, இன்னொருவர் ஒவ்வொரு விரலாகப் பிரிப்போம். புதிதாக வந்த மெல்லிய தோல் வெடித்து ரத்தம் வரும். அப்போதும் சத்தம் இல்லை. பலகையில் கட்டினால், காலையில் பார்க்கும்போது கட்டு நெகிழ்ந்து விரல்கள் மறுபடி உள்ளே போயிருக்கும்.

டாக்டர் துரை ஒரு நாள் நெடுநேரம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு ஞானப்பூ அம்மாளிடம் சொன்னார்: தோல் மூடுவதற்குள் விரல்கள் நிமிராவிட்டால் உள்ளங்கையோடு ஒட்டிப்போகும்; பிறகு கத்தி வைத்துப் பிரித்தாலும் பழைய கை வராது. அன்று சாயங்காலம் ஞானப்பூ அம்மாள் அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார்கள். "விடக் கூடாது மாசிலாமணி" என்று என்னிடம் சொன்னார்கள். "பொம்பளப் பிள்ளைக்க வலது கை. கூடையைப் பிடிக்கணும், கத்தியைப் பிடிக்கணும், நாளைக்கு ஒரு பிள்ளையைப் பிடிக்கணும்." எப்படி விடாமல் இருப்பது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

கடியப்பட்டணத்திலிருந்து மீன் கூடையோடு நாகர்கோவில் பக்கம் ஓடுகிற பெண்கள் எங்கள் வாசல் வழியாகத்தான் போவார்கள். அவர்களில் ஒருத்தி அந்தோணியம்மை, சூசையின் அக்காள். மீன் கூடையை உள்ளே கொண்டுவர விடமாட்டார்கள். அதனால் வெளியே நின்றே கூப்பிடுவாள். "ஏட்டி பிரகாசி! உங்கப்பன் கரையேறியாச்சு!" பிரகாசி வாசலுக்கு ஓடுவாள். மாமி ஒரு வார்த்தை பேசிவிட்டுக் கூடையோடு ஓட்டமும் நடையுமாகப் போய்விடுவாள். இது தினமும் நடக்கும். சும்மா ஒரு விசாரிப்பு என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் துவைகல்லில் துணி அலசிக்கொண்டிருந்தேன். கிணற்றுச் சுவருக்கு அந்தப் பக்கம் பூனை கத்துவதுபோல ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் பிரகாசி. சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, வாயைப் பெரிதாகத் திறந்து, உடம்பு குலுங்க அழுதுகொண்டிருந்தாள். நான் பார்த்தது அதை மட்டுமல்ல. அவள் கை மடிமேல் கிடந்தது. முட்டி இல்லை. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகள் தளர்ந்து, முக்கால்வாசி நிமிர்ந்து கிடந்தன.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மாமி போயிட்டாளேன்னு அழுறியா மக்கா?"

தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"வலிக்குதா?"

"காலத்த வலிச்சது."

"காலைல வலிச்சதுக்கு இப்பமா அழுற?"

என்னை ஒரு மடையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "இப்பம்தானே அப்பா கரையேறினாரு" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. மறுநாள் அந்தோணியம்மை வரும் நேரம் பார்த்து வெளி வாசலில் போய் நின்றேன். அறியாத பெண்ணிடம் போய்ப் பேசுவது எனக்குச் சாகிற மாதிரி. வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, எப்படியோ கேட்டுவிட்டேன். அவள் கூடையை இறக்காமலே சிரித்தாள்.

"இது தெரியாதா ஓய் உமக்கு? மரம் கடலில கெடக்கும்போ எங்க வீட்டில பொம்பள அழமாட்டா. அழுதா கடலுக்குக் கேக்கும்னு எங்க அம்மை சொல்லுவா. ஆளு கரையேறின பொறவு அழலாம். நாங்க காலத்த வந்த அழுகைய எல்லாம் சேத்து வச்சு மத்தியானம் அழுவோம். சில நாள் என்னத்துக்கு அழ இருந்தோம்னே மறந்துபோவும், பாத்துக்கிடும்!"

"அந்தச் சின்னப் பிள்ளையுமா?"

"அவளும் பொம்பளதானே?" என்றாள். சிரிப்பு போய்விட்டது. "அவளுக்க கையைப் பிடிச்சு ஒடிக்கியளாமே காலத்த. பிள்ள எங்க கொண்டுபோய் வைப்பா அந்த வலியை? கைக்குள்ளதான் வச்சிருப்பா."

கூடையை ஒரு கையால் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே நடந்து போகிற தூரம்தான். நாங்கள் வயல்காரர், வேறு சபை. அவர்கள் கடல்காரர், வேறு கோயில். அவர்கள் மீனைச் சாப்பிடுவோம். அவர்கள் எந்த நேரத்தில் அழுவார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? விடியுமுன் போன மரங்கள் மத்தியானம் திரும்பும். நாங்கள் கட்டு மாற்றுவது காலையில், மரங்கள் ஆழத்தில் நிற்கிற அதே நேரத்தில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் அவள் கஞ்சி சிந்தினதற்கெல்லாம் காலையிலேயே வாய்விட்டு அழுகிறாள் என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடலுக்குப் போவதில்லை. எங்கள் வார்டிலும் அன்றைக்குக் கட்டு மாற்றுவதில்லை.

ஞானப்பூ அம்மாளிடம் சொல்ல வேண்டும். போய் நின்றேன், திரும்பி வந்தேன். மறுபடி போனேன். அவர்கள் துணி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அலமாரியைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். அவர்கள் அடுக்குவதை நிறுத்திவிட்டார்கள்.

"வலிக்கும்னு சொல்லணும்னு எல்லாரையும் படுத்தி எடுக்கேன். அழலாம்னு ஒரு பிள்ளைகிட்டயும் நான் சொன்னதில்ல, பாத்தியா?" என்றார்கள். பிறகு, "அந்த மீன்காரி எப்பம் வருவா?"

"மீனைப் பொறுத்து."

"அப்பம் நாமளும் மீனைப் பொறுத்துதான்."

பிரகாசியின் கட்டை மத்தியானத்துக்கு மாற்ற, டாக்டர் துரையிடம் அவர்களே போய்ப் பேசினார்கள். அவர், இனி புண்ணை மத்தியானம் வந்து பார்க்கிறேன் என்றாராம். கம்பவுண்டருக்குத்தான் பொறுக்கவில்லை. "இனி ஆஸ்பத்திரி மணியை மீன்காரிக்க கூடையில கட்டிவிடுங்க" என்றார்.

அடுத்த நாள் அந்தோணியம்மை வரத் தாமதித்தாள். உப்புத் தண்ணீர் ஆறியது, மறுபடி சூடாக்கினேன். அதுவும் ஆறியது. பிரகாசி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்தாள். கடைசியில் குரல் கேட்டது. "ஏட்டி பிரகாசி! உங்கப்பன் கரையேறியாச்சு! வாளை மீனாக்கும் இன்னைக்கு!"

ஞானப்பூ அம்மாள் தம் கைகளைத் திருப்பிக் காட்டினார்கள். "அப்பா கரையில இருக்காரு. இப்பம் துணி நனைப்பேன். வலிக்கும். நீ அழு. எம்புட்டு வேணும்னாலும் அழு. கையை மட்டும் இழுக்காத."

பிள்ளை நம்பவில்லை. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். முதல் சொட்டுத் தண்ணீர் விழுந்ததும் அழுதாள். அப்படி ஓர் அழுகையை அந்த வார்டு கேட்டதில்லை. அடுத்த கட்டில் பிள்ளையும் சேர்ந்து அழுதது, அதற்கு அடுத்ததும். தொண்டை அடைத்து, மூச்சு வாங்கி, மறுபடி. ஒவ்வொரு அழுகையும் முடிந்து அவள் மூச்சை உள்ளே இழுக்கும்போது கை தளரும். அந்த நேரம் பார்த்து ஞானப்பூ அம்மாள் ஒரு விரலைக் கொஞ்சம் நீட்டுவார்கள். மறுபடி அழுகை, மறுபடி தளர்ச்சி, அடுத்த விரல். துணியைச் சுருட்ட மறந்துவிட்டாள். நானும் ஞாபகப்படுத்தவில்லை. பலகையில் விரல்களை வைத்துக் கட்டும்போது அவள் விக்கிக்கொண்டே, "நாளைக்கும் அழலாமா?" என்று கேட்டாள்.

"நாளைக்கும்."

அதோடு எல்லாம் சரியாயிற்று என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஒரு நாள் நிமிர்ந்த விரல் மறுநாள் பாதி மடங்கியிருக்கும். மூன்றடி போய் இரண்டடி திரும்பும் வேலை அது. "இன்னைக்கு வேண்டாம்" என்று அவள் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்த நாள் உண்டு. நானும் கட்டிலுக்கடியில் தவழ்ந்து போய், துணியைக் கொடுத்து, அங்கேயே படுத்திருந்து, அவள் துணி நுனியைப் பிடித்த பிறகு வெளியே கூட்டிவந்ததும் உண்டு. ஆனால் கை திறந்துகொண்டு வந்தது.

பிறகு ஒரு நாள் அந்தோணியம்மை வரவே இல்லை. மத்தியானம் போனது. எந்த மீன்காரியும் பாதையில் வரவில்லை. காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. பிரகாசி ஜன்னலை விட்டு நகரவில்லை. முட்டி பழையபடி இறுகிவிட்டது. பலகைக் கட்டையும் பல்லால் இழுத்து அவிழ்த்துவிட்டாள். ஞானப்பூ அம்மாள் கைகளைக் காட்டியபோது, தன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "அப்பா வந்தாச்சா?"

வந்தாச்சு என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். ஞானப்பூ அம்மாள், "எனக்குத் தெரியாது மக்கா" என்றார்கள்.

"நான் போய்ப் பாத்துட்டு வாறேன்" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். யாரும் கேட்காமல், எல்லார் முன்னாலும் நான் அந்த வார்டில் பேசினது அதுவே முதல் தடவை.

காற்றுக்கு எதிரே தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். பாதி தூரத்துக்கு மேல் மணல் கண்ணில் அடித்தது. போகும் வழியெல்லாம், அங்கே போய் என்ன கேட்கப்போகிறோமோ, அதைத் திரும்ப வந்து எப்படிச் சொல்லப்போகிறோமோ என்றே இருந்தது. கடைசி மணல்மேட்டில் ஏறிப் பார்த்தேன். கடல் வெள்ளை வெள்ளையாகப் பொங்கிக்கொண்டிருந்தது. கட்டுமரங்கள் எல்லாம் கரையில் வரிசையாகக் கிடந்தன. காற்று மோசம் என்று யாருமே கடலுக்குப் போகவில்லை. அதனால் மீன் இல்லை. அதனால் மீன்காரி இல்லை. அவ்வளவுதான்.

சூசை ஒரு மரத்தின் மறைவில் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தார். ஆள் பெரிய உருவம். என்னைவிடப் பேச்சுக் குறைந்தவர் என்று பார்த்ததும் தெரிந்தது. விஷயத்தைச் சொன்னேன். வலையைக் கீழே போட்டார். சட்டையை எடுக்கக்கூட வீட்டுக்குப் போகவில்லை. தோளில் துண்டோடு என்னோடு நடந்தார். ஆஸ்பத்திரி தெரிகிற இடத்தில் ஒன்று கேட்டார்: "ரொம்ப அழுவாளா?"

"ரொம்ப."

"செரி" என்றார்.

வாசலில் அவர் தலை தெரிந்ததும் பிரகாசி அழத் தொடங்கிவிட்டாள். அவர் தரையில் உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொண்டார். ஞானப்பூ அம்மாள் அந்த விரல்களை எப்படி நீட்டுவது, எங்கே பிடிப்பது, எங்கே நிறுத்துவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அவர் கயிற்றுத் தழும்பேறிய தம் பெரிய விரல்களால் அவள் விரல்களைப் பிடித்து, ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தார்.

"இனி இத எப்பமும் செய்யணும்" என்று ஞானப்பூ அம்மாள் சொன்னார்கள். "புண் ஆறி வீட்டுக்கு வந்த பொறவும். ஒரு நாள்கூட விடப்பிடாது. மாசக் கணக்கா செய்யணும். இவ வேண்டாம்பா. நீங்க விடப்பிடாது."

மரம் கடலில் கிடக்கும்போது அழாத அந்தப் பழக்கத்தைத் தள்ளிவிடு என்று மகளிடம் சூசை சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. கடலில் நிற்கிறவர் அவர், நானல்ல. மகளின் காதருகே குனிந்து சொன்னார்: "நான் மரத்தை மணலில ஏத்தின உடனே, வலைகூடப் பிரிக்கமாட்டேன். நீ ஓடி வா. நான்தான் நிமித்துவேன். அப்பம் அழு. ஊரு கேக்க அழு. செரியா?"

புண் ஆறி அவள் ஊருக்குப் போன பிறகு, கையைப் பார்த்து வர ஞானப்பூ அம்மாள் என்னை ஒருமுறை கடியப்பட்டணத்துக்கு அனுப்பினார்கள். மரங்கள் வருகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். சூசையின் மரம் அலையில் ஏறி மணலில் மோதியது. ஆட்கள் சேர்ந்து இழுத்தார்கள். அவர் அதே மரத்தில் உட்கார்ந்தார். உடம்பெல்லாம் கடல் தண்ணீர் சொட்டியது. பிரகாசி வலது கையை முன்னால் நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். அவர் தொடுவதற்கு முன்பே வாயைத் திறந்துவிட்டாள். அவர் ஒவ்வொரு விரலாக நிமிர்த்தினார். அவள் கத்திய கத்தலில் கடற்காக்கைகள் எழுந்து பறந்தன. கையை இழுக்கவே இல்லை.

பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சூசைக்க சங்கு ஊதியாச்சு" என்றார்.

மேட்டிலிருந்து ஒரு பெண் குரல் பிரகாசியின் தாயைக் கூப்பிட்டது. "ஏ செபமாலை! உனக்க மாப்பிள வந்தாச்சு, கேக்கலியா? உலைய வையி!"

அந்தக் கரையில் அந்த நாட்களில் பிரகாசி அழும் சத்தத்தைக் கேட்டுத்தான் சூசை பத்திரமாகக் கரையேறிவிட்டார் என்று தெரிந்துகொள்வார்களாம். அவள் தாய் அதற்காகவே காதைத் தீட்டிக்கொண்டிருப்பாளாம்.

சுண்டுவிரல் மட்டும் வளைந்தே நின்றுவிட்டது. மற்ற விரல்கள் திறந்தன.

மிட்டாய்ப் பரணியைப் பார்த்த அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பாதையில் பிரகாசியைச் சந்தித்தேன். இப்போது அவளே கூடை எடுக்கிறாள். கூடை விளிம்பை அந்த வலது கையால்தான் பிடித்திருந்தாள். வளைந்த சுண்டுவிரல் மட்டும் தனியாகத் தெரிந்தது. "மணி மாமா, இடுப்பு எப்பிடி இருக்கு?" என்று நின்றாள். மனம் பொறுக்காமல் மிட்டாய் விஷயத்தை அவளிடம் சொன்னேன்.

"அழாததுக்கு மிட்டாயா?" என்று கூடை ஆடும்படி சிரித்தாள். "அப்பம் அந்தப் பரணி முழுக்க நான்தான் தின்னிருப்பேன் மாமா. கை இருந்திருக்காது, அவ்வளவுதான்."

கனகம், இதைக் கூட்டத்தில் வாசிக்கும்போது இந்த ஒன்றை மட்டும் நிறுத்தி வாசி. மிட்டாய் கொடுங்கள்; கட்டு முடிந்த பிறகு எல்லாப் பிள்ளைக்கும் கொடுங்கள். அழாத பிள்ளை ஒன்று வந்தால் கை தட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, யார் வர வேண்டும் என்று காத்திருக்கிறாய் என்று கேளுங்கள். உடனே பதில் வராது. மறுநாளும் கேளுங்கள். அதற்கும் வராவிட்டால், மணற்காற்று அடித்தாலும் பரவாயில்லை, ஒருவர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மாசிலாமணி,
கொட்டாரம்.
1938 அக்டோபர் 23, ஞாயிற்றுக்கிழமை. இன்று மரங்கள் எல்லாம் கரையில்.